விறாந்தையில் கழிந்த அரைமணி நேரம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துருவம்)





இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவிலே, கத்தோலிக்கப் பாடசாலையொன்றின் சிறுவர் வகுப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன், முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி நியாயமானதே. இறம்பொடையில் இருந்து கொண்டு பேசுவதற்கு வேறு பொருளா இல்லை? கண்ணெதிரே அருவி விழுகிறது. குன்றின் மேலே, சின்மயா மிஷன் 1999ஆம் ஆண்டு எழுப்பிய பக்த ஆஞ்சநேயர் ஆலயம் விளங்குகிறது. அநுமனின் பெருமையைப் பேசினால் ஆகாதா என்று கேட்கலாம். அவன் பெருமையையும் முடிவில் பேசுவோம். ஆயினும் நம்முடைய குறையை நாமே காண வேண்டுமானால், சில வேளைகளில் பிறர் வீட்டுச் சாளரத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் அப்படி ஒரு சாளரத்துக்கு வெளியே நெடுநாள் நின்றவர்கள்.

1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், மலைநாட்டுச் சிறு பட்டினமொன்றிலே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆரம்ப பாடசாலையில் நாங்கள் சிலர் படித்தோம். நாங்கள் என்றால், தோட்டத்து லயங்களில் பிறந்த சைவப் பிள்ளைகள். தோட்டத்திலே பாடசாலை இல்லாமல் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகம் வழிசெய்ய வேண்டும் என்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கூறியிருந்தது. ஆனால் அந்தப் பாடசாலை பெரும்பாலும் ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியருமாகவே இருந்தது. பிள்ளை கொழுந்தெடுக்கும் வயதுக்கு வந்ததும் படிப்பும் முடிந்துவிடும். அதற்கு மேல் தம் பிள்ளை நாலெழுத்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோர், கைக்காசைச் சேர்த்துப் பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கதவு திறந்திருந்த பாடசாலை கன்னியர் பாடசாலை. ஆதலால் அங்கே சேர்ந்தோம்.

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதை முதலிற் கூறுகிறோம். காலையில் மணி அடித்தவுடன் வரிசை. நகம் பார்ப்பார்கள், தலை வாரியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு செபம். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் இட்டுக் கொள்வார்கள். நாங்கள் கைகட்டி மௌனமாக நிற்போம். அதன்பின் ஞானோபதேச வகுப்பு அரைமணி நேரம். இந்த நேரத்தில் சைவப் பிள்ளைகளாகிய நாங்கள் சிலேற்றும் குச்சியுமாக வெளியே விறாந்தைக்குச் செல்ல வேண்டும். பெற்றோர் விரும்பாத சமய போதனைக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது என்ற மனச்சாட்சி விதி, அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளுக்கு இருந்தது. அந்த விதி எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பேணப்பட்டதென்று கூற மாட்டோம். எங்கள் பாடசாலையில் பேணப்பட்டது. அந்த மட்டில் அது நேர்மையான இடம்.

விறாந்தையில் நாங்கள் என்ன செய்தோம்? வாய்பாடு எழுதினோம். எழுதி முடிந்ததும் மழையைப் பார்த்தோம். ஆனி ஆடி மாதங்களிலே இந்தப் பக்கத்து மழையும் பனிமூட்டமும் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்கு ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்திருப்போம். உள்ளே கன்னியாஸ்திரி கேள்வி கேட்பார். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வார்கள். உலகத்தைப் படைத்தவர் யார், மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்று கேள்விகள் வரும். நாள்தோறும் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் விடைகள் மனப்பாடமாகிவிட்டன. உள்ளே ஒரு பிள்ளை திக்கினால், வெளியே இருந்து நாங்கள் எடுத்துக் கொடுப்போம்!

எங்களுள் ஒருவன் ஒருநாள் மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த விடைகளைப் பாட்டுப் போலச் சொல்லிக் கொண்டிருந்தான். அவனுடைய அப்பாயி அடுப்படியிலிருந்து வந்து, "ஏன்டா, நம்ம சாமியப் பத்தி அங்க ஒண்ணும் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று கேட்டாள். "அதுக்கு வாத்தியார் இல்ல அப்பாயி" என்றான் பையன். அப்பாயி பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பக்தி இல்லையா? இருந்தது. மாரியம்மனுக்குத் தீ மிதித்தவள் அவள். மார்கழியில் பஜனை, மாசியில் காமன் கூத்து, ஆண்டுக்கொரு தேர் எல்லாம் தோட்டத்தில் இருந்தன. விழா இருந்தது; விளக்கம் இல்லை. ஏன் கும்பிடுகிறோம் என்று பிள்ளை கேட்டால், "பெரியவங்க கும்பிட்டாங்க, நாமளும் கும்பிடுறோம்" என்பதே விடை. உள்ளேயிருந்த பிள்ளைக்கு அவன் சமயத்தார் விடை கொடுத்தார்கள். விறாந்தையிலிருந்த பிள்ளைக்கு வாய்பாடுதான் கிடைத்தது.

பல ஆண்டுகள் நாங்கள் இதற்காக அந்தப் பாடசாலையின் மீது மனக்குறை கொண்டிருந்தோம். பிற்காலத்தில்தான் உண்மை விளங்கிற்று. எங்களை வெளியே அனுப்பியது அவர்கள் செய்த நீதி. வெளியே வந்த அந்த அரைமணி நேரத்தை வெறுமையாக விட்டது நம்மவர் செய்த குறை. பட்டினத்திலே சைவக் கடைக்காரர்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது, கோயிலுக்குத் தருமகர்த்தாக்கள் இருந்தார்கள். கிழமைக்கொரு நாள் ஒருவர் வந்து, "பிள்ளைகளே, வாருங்கள், ஒரு பதிகம் பாடுவோம்" என்று அந்த விறாந்தையிலே உட்கார்ந்திருந்தால் யாரும் தடுத்திருப்பார்களா என்பது தெரியாது. ஆனால் ஒருவரும் வந்து கேட்கவே இல்லை. அதுவே எமது வருத்தம்.

இந்தக் குறையை நம் நாட்டில் முதலில் கண்டு பரிகாரம் தேடியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே படித்தார். அங்கேயே ஆசிரியராக இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவினார். பாதிரிமார் எப்படிப் போதிக்கிறார்கள், எப்படிப் புத்தகம் அச்சிடுகிறார்கள், வகுப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையெல்லாம் அருகிருந்து கண்டார். கண்டவர் வசைபாடுவதோடு நின்றாரா? இல்லை. 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்களை எழுதினார். கேள்வியும் விடையுமாகச் சைவ வினாவிடையை எழுதினார். எந்த முறையினால் பிறர் தம் பிள்ளைகளுக்குச் சமயத்தை ஊட்டினார்களோ, அந்த முறையையே நமக்கும் உரியதாக்கித் தந்தார். நாங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்த காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே அந்த வழி திறக்கப்பட்டுவிட்டது. மலைநாட்டு லயத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆளில்லை.

மற்றொரு பெரியாரையும் நினைத்துப் பாருங்கள். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளை, மட்டக்களப்பிலே கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். பின்னர் அங்கேயே கற்பித்தார். யாழ்ப்பாணத்திலே புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தார். இத்தனை ஆண்டுகள் கத்தோலிக்கக் கல்லூரிகளில் இருந்தவர் என்ன ஆனார்? 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்த அடிகள் ஆனார். கிழக்கிலங்கையில் இந்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை வளர்த்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் யாழ்நூலைத் தந்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். அவருடைய பிள்ளைப் பருவத்திலே காரைதீவு ஊரும் வீடும் தமிழையும் சைவத்தையும் ஊட்டிவிட்டன. அந்த அடித்தளம் இருந்தபடியால், பிறர் பாடசாலையில் பெற்ற கல்வி அவருக்கு அறிவைத் தந்தது, வேரை அசைக்கவில்லை. வேரில்லாத செடியைக் காற்று சாய்த்தால், காற்றைக் குறை கூறிப் பயனில்லை.

இனி, சமயத்தோடு சேர்ந்து அந்த வகுப்பிலே நாங்கள் கற்ற குடிமைப் பாடத்துக்கு வருகிறோம். அது புத்தகத்தில் இருந்த பாடம் அன்று.

ஒரு சிவராத்திரிக்கு மறுநாள் எங்களுள் ஒருவன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கொண்டு வந்தான். உதவி ஆசிரியை ஒருவர் தம் கைக்குட்டையினால் அதைத் துடைத்து விட்டார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அடுத்த நாள் அவன் தாய், அரைப்பேரையும் இழந்து, மலையிலிருந்து இறங்கிப் பாடசாலை வாசலில் வந்து நின்றாள். எழுத்தறியாதவள். கால் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "நாங்க பூசி அனுப்புற திண்ணூற நீங்க அழிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். தலைமைச் சகோதரி வெளியே வந்தார். சமாதானம் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க, "பிழை எங்களுடையது அம்மா, இனி நடவாது" என்றார். அதன்பின் நடக்கவுமில்லை. உரிமையை அஞ்சாமலும் மரியாதையோடும் கேட்பது எப்படி என்பதை அந்தத் தாயிடம் கற்றோம். பதவியில் இருப்பவர் பிழையை ஒப்புக் கொள்வது எப்படி என்பதை அந்தச் சகோதரியிடம் கற்றோம்.

1960ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே நாட்டில் பொதுத்தேர்தல் வந்தது. கடைச் சுவரெல்லாம் சுவரொட்டி. வகுப்பாசிரியையாகிய சகோதரி, வாக்கு என்றால் என்னவென்று நாங்கள் அறிய வேண்டும் என்று, வகுப்புச் சட்டாம்பிள்ளையைத் தேர்தல் மூலம் தெரிவு செய்ய ஏற்பாடு செய்தார். மூன்று பேர் போட்டி. வெறும் பிஸ்கட் தகரமே வாக்குப்பெட்டி. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசி. எங்களுள் ஒருவன் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எங்க அப்பாவுக்கு ஓட்டு இல்லைங்க சிஸ்டர். நான் போடலாமுங்களா?"

சகோதரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வகுப்பிலே உனக்கு இருக்கு பிள்ளை. போடு" என்றார்.

அந்தப் பையன் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று. 1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே தோட்டத்து மக்களின் பிரதிநிதிகளாக இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாத் தொகுதிக்குத் திரு. சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கொல்லைத் தொகுதிக்குக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டிலே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் பிரஜைகளுக்கே வாக்கு என்றாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அந்த எழுவர் இருந்த இடத்துக்கு ஒருவர்கூடச் செல்ல இயலவில்லை. கொழுந்தைப் பறித்து நாட்டுக்குச் செல்வம் சேர்த்த கை, வாக்குச்சீட்டைத் தொட முடியாத கையாயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைதான் தகரப் பெட்டியின் முன் தயங்கி நின்றான்.

அந்தத் தேர்தலில் யார் வென்றார் தெரியுமா? தோட்டத்து வாசற்கூட்டியின் மகள் வென்றாள். கணக்கிலே கெட்டிக்காரி. அவள் சொன்னபடி வரிசையில் நின்றோம். அவள் பக்கத்தில் இருந்து உண்டோம். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்தால் பாவம். பாடசாலையிலே அவளைத் தலைவியாக ஏற்ற நாங்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவளும் அவள் வீட்டாரும் எங்கே நின்றார்கள் என்பதை அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. கொடிக்கம்பத்துக்கும் அப்பால் நின்றார்கள். பிறர் வீட்டுத் தகரப் பெட்டியிலே அவளுக்குக் கிடைத்த மதிப்பு, நம் வீட்டுச் சந்நிதியிலே கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் ஏன் பிற சமயத்தை நாடினார்கள் என்று கேட்கும் பெரியோர்கள், அரிசி பருப்புக்காக நாடினார்கள் என்று மட்டும் கூறி ஆறுதலடைவது தகாது.

1960ஆம் ஆண்டு மார்கழியிலே உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்த்தார்கள். வடக்கிலே சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் கைமாறின. தோட்டப் பாடசாலைகளோ பெருமளவில் அரசாங்கத்தின் கைக்கு வர 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி வரை காத்திருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1965ஆம் ஆண்டு ஐப்பசி 28ஆம் நாள் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட பிரகடனம் இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களிலுள்ள உண்மையையும் புனிதத்தையும் தாம் தள்ளுவதில்லை என்ற கருத்தை அறிவித்தது. பின்னாளில் கண்டியிலே சத்தியோதயம் நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத்து மக்களின் உரிமைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நல்லதை நல்லதென்று சொல்வதால் நம் சமயத்துக்குக் குறைவு வராது.

எங்கள் வகுப்புத் தோழர்கள் என்ன ஆனார்கள்? 1964ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டார்கள். வாக்குப் போடலாமா என்று கேட்டவன் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினான். சட்டாம்பிள்ளைப் பெண் இங்கேயே இருந்து கொழுந்தெடுத்தாள். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் மூலமே இங்கிருந்தவர்களின் நாடற்ற நிலை படிப்படியாகத் தீர்ந்தது. ஒரு பிள்ளை வகுப்பில் கேட்ட கேள்விக்கு நாடு விடை கூறி முடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

இளைஞர்களே, இன்று நிலைமை வேறு. பாடசாலையிலே உங்கள் தம்பி தங்கையர் தத்தம் சமயத்தையே பாடமாகப் படிக்கிறார்கள். 1980 முதல் அரசாங்கம் பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது. விறாந்தைக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை. அப்படியானால் அந்த அரைமணி நேரம் நிரம்பிவிட்டதா? பரீட்சைக்காகச் சமயம் படிக்கும் பிள்ளை, பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலே புலமைப்பரிசில் வகுப்புக்கு இடமுண்டு. அறநெறி வகுப்புக்கு நேரமில்லை என்கிறோம். வெறுமை இடம் மாறியிருக்கிறதே தவிர மறையவில்லை.

ஆகையால் இம்மன்றத்தை மூன்று காரியங்கள் செய்யுமாறு கேட்கிறோம். பெரிய பணம் வேண்டியதில்லை.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஞாயிறு தோறும் ஒரு மணி நேர அறநெறி வகுப்பு. மழையானாலும் வெயிலானாலும் நடக்க வேண்டும். கன்னியர் வகுப்பின் சிறப்பு அவர்களுடைய கட்டடத்தில் இருக்கவில்லை; ஒரு நாளும் தவறாமையில் இருந்தது. பிள்ளை கேள்வி கேட்கட்டும். விடை தெரியாவிட்டால், அடுத்த கிழமை படித்து வந்து சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்த வகுப்பிலே குடிமையும் பழகட்டும். சட்டாம்பிள்ளையைப் பிள்ளைகளே வாக்களித்துத் தெரிந்தெடுக்கட்டும். மூத்த மாணவர் லயம் லயமாகச் சென்று, பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை யார், வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர் யார் என்று எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் கொண்டு போகட்டும். நம் பெற்றோர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற வாக்கை நம் சோம்பலால் இழக்கலாகாது.

மூன்றாவது, நம் கோயிலில் கொடிக்கம்பத்துக்கு அப்பால் நிற்பவர் எவரும் இருக்கலாகாது. வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளை, சந்நிதியிலும் முன்வரிசையில் நிற்கட்டும். நம் விழாவுக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்கள் மௌனமாகக் கைகட்டி நிற்க வேண்டியிருந்தால், அந்த மௌனத்தை மதியுங்கள். அப்படி நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தொடக்கத்திலே அநுமனைப் பற்றிப் பேசுவோம் என்றோம். தன் வலிமை தனக்கே தெரியாமல் இருந்தவன் அநுமன். சாம்பவான் என்ற முதியவர் எடுத்துச் சொன்ன பிறகே கடலைத் தாண்டினான். இந்த மலையிலே பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அத்தகையதே. எடுத்துச் சொல்ல ஒருவர் வர வேண்டும். எங்கள் விறாந்தைக்கு ஒருவரும் வரவில்லை. இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செல்லுங்கள்.